60 வயசுக்கு மேல பார்ட் டைம் வேலை: சம்பளத்துக்கு முன்னாடி கேட்க வேண்டிய ரெண்டு கேள்வி

ஓய்வுக்கால வருமானம் பத்தின போன வீடியோவுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தீங்க. "அப்பாவுக்குப் பென்ஷன் பத்தலை, ஏதாவது வேலைக்குப் போறேன்னு நிக்கிறார், அனுப்பலாமா?" தாராளமா அனுப்பலாம். ஆனா எத்தனை மணி நேரம், இ.எஸ்.ஐ உண்டா, இந்த ரெண்டையும் கேட்டுட்டு அனுப்புங்க. நாங்க கேட்காம விட்டோம்.

எங்க பெரியப்பா கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லில் 22 வருஷம் வேலை பார்த்தவர். 58 வயசில் ரிட்டயர் ஆனப்போ இ.பி.எஸ் பென்ஷன் மாசம் 2,800 ரூபாய் சொச்சம். வீட்டில் சும்மா உட்கார முடியாத மனுஷன். ஒரு அபார்ட்மென்ட்டில் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வேலை கிடைச்சது. 12 மணி நேரம், மாசம் 26 நாள், சம்பளம் 14,000. நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

கணக்கைப் பாருங்க. 26 நாள், 12 மணி நேரம்னா மாசம் 312 மணி நேரம். 14,000 ரூபாயை வகுத்தா மணிக்கு 45 ரூபாய்கூட வரலை. அவருக்கு ஏற்கனவே சுகர் உண்டு. ராத்திரி முழிப்பு, நேரங்கெட்ட சாப்பாடு, மாத்திரை ஒரு நாள் போட்டா ரெண்டு நாள் மறதி. காலில் வந்த சின்னப் புண்ணை யாருக்கும் சொல்லாம ஷூவுக்குள்ளயே வச்சுக்கிட்டு டூட்டி பார்த்திருக்கார். சுகர் இருக்கிறவங்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும், வலி தெரியாது. 19-வது மாசம் காய்ச்சலோட விழுந்தப்போதான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சது. தனியார் ஆஸ்பத்திரி பில் 1,86,000 ரூபாய். அதாவது 13 மாச சம்பளம் ஒரே வாரத்துல போச்சு. பி.எஃப் பணத்திலிருந்து எடுத்துத்தான் கட்டினோம்.

இதுக்கு மேலதான் கொடுமை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவரோட பேப்பர்களை அடுக்கும்போது சம்பள ஸ்லிப்பைப் பார்த்தேன். மாசாமாசம் 105 ரூபாய் பிடித்தம், பக்கத்துல "இ.எஸ்.ஐ"ன்னு எழுதியிருக்கு. 19 மாசமும் பிடிச்சிருக்காங்க. ஆனா ஏஜென்சியில கார்டும் கொடுக்கலை, ஒரு வார்த்தையும் சொல்லலை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரி எங்க வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஏஜென்சி மேல கோபம் இருக்கு, ஆனா ஸ்லிப்பை ஒரு தடவைகூட வாங்கிப் பார்க்காத என் மேலயும் இருக்கு. பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவன் வீட்டு லட்சணம் இது!

இ.எஸ்.ஐ இளவட்டங்களுக்குத்தான்னு பலர் நினைக்கிறாங்க. இல்லைங்க, அதில் உச்ச வயது வரம்பே கிடையாது. 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடம், மாச சம்பளம் 21,000-க்குள்ள, இவ்வளவுதான் அடிப்படை. பார்ட் டைம் ஆள், கான்ட்ராக்ட் ஆள் எல்லாரும் வருவாங்க. பென்ஷன் இந்த 21,000 கணக்கில் சேராது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 9,000 சம்பளம்னா உங்க பங்கு 68 ரூபாய். அதுக்கு உங்களுக்கும் உங்க துணைக்கும் மருத்துவம். மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, பழைய சுகர், பி.பி இருந்தா சேர்க்க மாட்டோம்ங்கிற பேச்சும் கிடையாது. பெரிய ஸ்பெஷாலிட்டி சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சந்தா போயிருக்கணும்.

உடம்பு முடியாம வேலைக்குப் போகாத நாட்களுக்கு 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனா ஆறு மாச சந்தா காலத்துல 78 நாள் சந்தா இருக்கணும். பார்ட் டைம்காரங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாரம் 3 நாள் வேலைன்னா 26 வாரத்துல சரியா 78. தீபாவளிக்கு ரெண்டு நாள் சம்பளமில்லா லீவு போட்டா போச்சு. வாரம் 4 நாள்னா 104, நிம்மதி.

சில கம்பெனிகள் ரிட்டயர் ஆனவங்களை "கன்சல்டன்ட்"னு சேர்த்துக்கும். அப்போ இ.எஸ்.ஐ வராது, வருஷத்துக்கு 50,000 தாண்டினா 10 சதவீதம் டி.டி.எஸ் வேற பிடிப்பாங்க. வருமானம் வரம்புக்குள்ள இருந்தா ரிட்டர்ன் போட்டு அந்த டி.டி.எஸ்ஸை வாங்கிடலாம். மருத்துவத்துக்குத்தான் வழி இருக்காது. தனியார் பாலிசியில் 65 வயசு வரம்பை 2024 ஏப்ரலில் எடுத்துட்டாங்க, உண்மைதான். ஆனா ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், பிரீமியமும் இந்த வயசில் கனமா இருக்கும்.

சரி, பேசாம வீட்டிலேயே உட்கார வச்சுடலாமா? அதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 12,000 பேருக்கு மேல வச்சு நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓய்வுக்குப் பிறகு ஓரளவு வேலை பார்த்தவங்களுக்குப் பெரிய நோய்களும் அன்றாட வேலைகள்ல வர்ற சிரமமும், முழுசா நிறுத்தினவங்களைவிடக் குறைவா இருந்தது. ஆஸ்திரேலியாவில் 40 வயசு தாண்டினவங்களை வச்சு 2016-ல் வந்த ஆய்வில், வாரம் 25 முதல் 30 மணி நேரம் வரை வேலை மூளைத் திறனுக்கு நல்லதாவும், அதுக்கு மேல போகப் போகக் குறையுறதாவும் தெரிஞ்சது. உடம்பு நல்லா இருக்கிறவங்கதானே வேலைக்கே போவாங்கன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி, அதனால இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்காதீங்க. ஆனா எங்க பெரியப்பா வாரம் 72 மணி நேரம் பார்த்தார். எந்தக் கணக்கில் வச்சுப் பார்த்தாலும் அது பார்ட் டைம் இல்லை.

இப்போ அவர் ஒரு பாத்திரக் கடையில் காலை 9 முதல் 1 வரை கணக்கு எழுதுறார். மாசம் 7,000. 104 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 67 ரூபாய். பி.எஃப்பில் மிச்சம் இருந்த 4 லட்சத்தை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல 8.2 சதவீதத்துக்குப் போட்டோம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 8,200 வருது. பென்ஷனையும் சேர்த்தா மாசம் சுமார் 12,500. முன்னாடி வந்த 16,800-ஐவிடக் குறைவுதான். பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. ஆனா மதியம் ஒரு மணிக்கு வீட்டுச் சாப்பாடு, தினமும் காலைக் கழுவிப் பார்க்க நேரம்.

கடையில் ஆறே பேர், அதனால அங்க இ.எஸ்.ஐ கிடையாது. அப்புறம்தான் இன்னொரு வழி தெரிஞ்சது. குறைஞ்சது 5 வருஷம் இ.எஸ்.ஐயில் இருந்து, ஓய்வு வயசு வந்து வேலையை விட்டவங்க வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா தனக்கும் துணைக்கும் மருத்துவம் தொடரும். ஆமாங்க, மாசத்துக்கு 10 ரூபாய். மில்லில் ரிட்டயர் ஆன அன்னைக்கே இதுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். இப்போ பழைய இன்ஷூரன்ஸ் நம்பர், மில்லோட சர்வீஸ் சான்றிதழ், ஆதார் எல்லாம் சேர்த்து இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துல விண்ணப்பம் கொடுத்திருக்கோம்.

உங்க வீட்டுப் பெரியவங்க இப்போ வேலையில் இருந்தா, இன்னைக்கு ராத்திரி சம்பள ஸ்லிப்பை வாங்கிப் பாருங்க. இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்து கையில் நம்பர் இல்லைன்னா, முதலாளிகிட்ட இ-பெஹ்சான் கார்டு கேளுங்க. இழுத்தடிச்சா, ஸ்லிப்பையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு நேரா கிளை அலுவலகத்துக்குப் போங்க. சந்தா உண்மையிலேயே கட்டியிருக்காங்களான்னு அங்கேயே பார்த்துச் சொல்லிடுவாங்க.