ஆளே இல்லாமல் விண்டோஸ் இன்ஸ்டால்: 40 கம்ப்யூட்டர், ஒரு தப்பு



போன செமஸ்டர் லீவுல எங்க டிபார்ட்மெண்ட் லேப்ல இருந்த 40 கம்ப்யூட்டருக்கும் விண்டோஸைப் புதுசா போடணும்னு லேப் அண்ணா சொன்னார். மொழி, கீபோர்டு, பார்ட்டிஷன், யூசர் பெயர்னு ஒரே கேள்விகளுக்கு 40 தடவை பதில் சொல்லணும். "அண்ணா, நான் ஒரு ஃபைல் எழுதித் தர்றேன். பென்டிரைவைச் சொருகிட்டு டீ குடிக்கப் போயிடலாம்"னு பெருமையா சொன்னேன். 39 மெஷின்ல அப்படியேதான் நடந்தது. மீதி ஒண்ணுல நடந்ததை மறைக்காம சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதல்ல பாடம், அப்புறம் கதை.

ஆன்சர் ஃபைல் என்றால் என்ன?

விண்டோஸ் செட்டப் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்த எக்ஸ்எம்எல் ஃபைல்தான் ஆன்சர் ஃபைல். அதற்கு 'ஆட்டோஅன்அட்டெண்ட்' என்று பெயர் வைத்து, பென்டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைக்க வேண்டும். பூட் ஆனதும் செட்டப் தானாகவே அதைத் தேடிப் படித்துக்கொள்ளும்.

இதைக் கையாலேயே எழுதலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஏடிகே தொகுப்பில் 'விண்டோஸ் சிஸ்டம் இமேஜ் மேனேஜர்' என்ற கருவி இருக்கிறது. எந்த செட்டிங் எங்கே வரணும்னு அது காட்டும், தப்பு இருந்தால் சொல்லும். ஒரு விஷயம்: அதுக்கு 'இன்ஸ்டால்' ஃபைல் விம் வடிவத்தில் வேணும். உங்க மீடியாவில் இஎஸ்டி வடிவத்தில் இருந்தால் திறக்காது.

7 கட்டங்கள்

ஆன்சர் ஃபைலில் மொத்தம் 7 பாஸ் உண்டு. நமக்கு அன்றாடம் தேவைப்படுவது 3 தான்.

1. விண்டோஸ் பிஇ: மொழி, டிஸ்க் பிரிப்பது, எந்த எடிஷன் என்று தேர்வு செய்வது.
2. ஸ்பெஷலைஸ்: கம்ப்யூட்டர் பெயர், நெட்வொர்க் மாதிரி அந்த மெஷினுக்கே உரிய விஷயங்கள்.
3. ஊபி சிஸ்டம்: யூசர் அக்கவுண்ட், முதல் லாகினில் ஓட வேண்டிய கமாண்டுகள்.

சரியான செட்டிங்கைத் தப்பான பாஸில் எழுதினால் வேலை செய்யாது. பாதிப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கும்.

மாட்டிக்கிட்டா எங்கே பார்க்கணும்?

செட்டப் நடுவில் நின்னுட்டா ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்க. கருப்பு கமாண்ட் விண்டோ வரும். அங்கே நோட்பேட் கூட ஓடும். எக்ஸ் டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'பாந்தர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'செட்டப்எர்' லாக் பிழைகளை மட்டும் காட்டும், 'செட்டப்ஆக்ட்' லாக் நடந்த எல்லாத்தையும் காட்டும். முதலில் சின்னதைப் படிச்சிட்டு, அதே நேரத்தைப் பெரியதில் தேடுங்க. முதல் ரீபூட்டுக்குப் பிறகு இதே லாக்குகள் சி டிரைவில் உள்ள பாந்தர் ஃபோல்டரில் இருக்கும்.

எனக்கு வந்த, உங்களுக்கும் வரக்கூடிய சில கோளாறுகள்:

• ஃபைலைக் கண்டுக்கவே மாட்டேங்குது: எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்ததால் பெயர் கடைசியில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வைத்துச் சரிபாருங்க.

• குறிப்பிட்ட ஒரு பகுதி மட்டும் நடக்கவில்லை: அந்த காம்பொனெண்டில் ப்ராசஸர் வகை தப்பா இருக்கலாம். 64 பிட் விண்டோஸுக்கு 'ஏஎம்டி64' என்றே இருக்கணும். இன்டெல் ப்ராசஸராக இருந்தாலும் அதேதான்!

• ஸ்பெஷலைஸ் பாஸை ப்ராசஸ் செய்ய முடியவில்லை என்ற பிழை: எந்த பாஸ் என்று மெசேஜிலேயே இருக்கு, அதனால் அந்தப் பகுதியை மட்டும் பாருங்க. என் விஷயத்தில் கம்ப்யூட்டர் பெயர் 15 எழுத்தைத் தாண்டியிருந்தது.

• லைசென்ஸ் விதிமுறைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழை: பெரும்பாலும் லைசென்ஸோடு சம்பந்தம் இல்லை. நீங்க கொடுத்த ப்ராடக்ட் கீயும் மீடியாவில் உள்ள எடிஷனும் பொருந்தலைன்னு அர்த்தம்.

நம்ம விருப்பத்துக்கு மாத்துறது

கம்ப்யூட்டர் பெயர் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் விண்டோஸே வேறு வேறு பெயர் வைத்துக்கொள்ளும். 40 மெஷினுக்கும் ஒரே பெயர் வராது. டைம்ஸோனுக்கு 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்று எழுதணும். இன்புட் லொகேலில் இங்கிலீஷுக்குப் பிறகு அரைப்புள்ளி போட்டுத் தமிழையும் சேர்த்தேன். இப்ப எங்க லேப்ல எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் தமிழ் கீபோர்டு ரெடியா இருக்கு.

பாஸ்வேர்டு விஷயத்தில் கவனம். அதை மறைக்கும் வசதி இருக்கிறது, ஆனா அது வெறும் பேஸ்64 மாற்றம்தான். பூட்டு கிடையாது. பென்டிரைவ் கையில் கிடைச்ச யாரும் ஒரு நிமிஷத்தில் படிச்சிடலாம். அதனால் தற்காலிக பாஸ்வேர்டு போட்டு, வேலை முடிந்ததும் மாத்திடுங்க.

அந்த 40-வது மெஷின்

டிஸ்க் பகுதியில் நான் எழுதியது இதுதான்: டிஸ்க் எண் 0, முழுசா அழி, புதுசா பிரி. விர்ச்சுவல்பாக்ஸில் நாலு தடவை டெஸ்ட் பண்ணேன். நாலு தடவையும் சரியா வந்தது. ஏன்னா அதுல ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. லேபிலும் 39 மெஷின்ல ஒரே டிஸ்க்தான்.

கடைசி மெஷின்ல மட்டும் ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. எஸ்எஸ்டிதான் 0-ன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அந்த மெஷின்ல ஹார்டு டிஸ்க்தான் 0. விண்டோஸ் வழக்கத்தை விட மெதுவா பூட் ஆனபோதுதான் சந்தேகம் வந்தது. அதற்குள் எல்லாம் முடிஞ்சிருந்தது.

அந்த ஹார்டு டிஸ்க்கில் எங்க கிளாஸ் டீம் ஒன்றின் ப்ராஜெக்ட் இருந்தது. நாலு மாசம் வயல் வயலா போய் எடுத்த நெல் இலை நோய்ப் படங்கள். என்ன நோய், எந்த வயல் என்ற லேபிள் எல்லாம் ஃபைல் பெயரிலேயே வெச்சிருந்தாங்க. வேற காப்பி இல்லை.

உடனே மெஷினை ஆஃப் பண்ணோம். இது மட்டும்தான் அன்னைக்கு நான் செஞ்ச சரியான வேலை. செட்டப் அழிக்கும்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவதில்லை, பார்ட்டிஷன் விவரத்தைத்தான் நீக்குகிறது. புது விண்டோஸ் போய் உட்கார்ந்த இடம் போனது போனதுதான். மிச்ச இடத்தில் பழைய டேட்டா இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி, வேற கம்ப்யூட்டரில் முழு இமேஜ் எடுத்து, அந்த இமேஜ் மேல் ஃபோட்டோரெக் ஓட்டினோம். நிறைய படங்கள் திரும்பி வந்தன. ஆனா ஃபோட்டோரெக் ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துத்தான் தேடும். பழைய பெயரும் ஃபோல்டரும் வராது. படம் வந்தது, லேபிள் வரலை.

அந்த டீம்கிட்ட நேரா போய் "நான்தான் அழிச்சேன்"னு சொன்னேன். கோபப்பட்டாங்க, நியாயம்தான். அப்புறம் ரெண்டு வாரம் அவங்களோட உட்கார்ந்து, படத்துக்குள்ள இருந்த தேதியை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திரும்ப லேபிள் போட்டேன்.

இப்ப நான் எப்படிச் செய்றேன்?

• ஆன்சர் ஃபைலில் டிஸ்க் பகுதியையும் எங்கே இன்ஸ்டால் செய்யணும் என்ற வரியையும் எழுதுவதே இல்லை. செட்டப் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நின்று கேட்கும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். மெஷினுக்கு அரை நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான்.

• தானாகவே அழிச்சாகணும்னா, முதலில் டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து அளவைப் பார்த்து உறுதி செய்கிறேன். இல்லைன்னா மற்ற டிஸ்க்கின் கேபிளையே கழற்றிடறேன்.

• விர்ச்சுவல் மெஷினில் டெஸ்ட் பண்ணும்போது வேற வேற அளவில் ரெண்டு டிஸ்க் வைக்கிறேன்.

• அந்த பென்டிரைவ் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி 'அழிக்கும்'னு எழுதியிருக்கேன். தெரியாம யாராவது அதுல பூட் பண்ணிடக் கூடாது இல்லையா?

• வேலை ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே, "லேப் மெஷின்ல யார் டேட்டா இருந்தாலும் எடுத்துக்குங்க"னு எல்லா கிளாஸ் குரூப்பிலும் போடச் சொல்றேன்.

ஆள் இல்லாம இன்ஸ்டால் ஆகும்னா, தப்பு நடக்கும்போது நிறுத்தவும் ஆள் இல்லைன்னு அர்த்தம். ஃபைல் எழுதும்போதே இதை நினைச்சுக்குங்க நண்பர்களே. ப்ராஜெக்ட் டேட்டா வெச்சிருக்கிறவங்க, இதைப் படிச்சு முடிச்சதும் முதல் வேலையா ஒரு காப்பி எடுத்து வேற இடத்தில் வைங்க. என்னை மாதிரி ஒருத்தன் எல்லா லேப்லயும் இருப்பான்!