எனக்கேற்ற சமயம் எது? – நற்காட்சி பற்றிய ஒரு பாடம்



சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் பயிலும் என் பேத்தி என்னிடம், "பாட்டி, என் மனத்துக்கு ஏற்ற சமயம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஜைனக் குடும்பத்தில் பிறந்துவிட்டேன் என்பதற்காகவே நம் சமயத்தை நான் ஏற்க வேண்டுமா?" என்று கேட்டாள். உடனிருந்த பெரியவர்கள் முகம் சுளித்தனர். "இதென்ன பேச்சு! பேசாமல் போய்க் கும்பிடு" என்றார் ஒருவர். என் நெஞ்சம் திடுக்கிட்டது. அதே சொற்களை 30 ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் என் தம்பியின் மகன். அப்போது அவனுக்கு வயது 16. "அத்தை, உலகைப் படைத்த கடவுள் இல்லை என்கிறோம். அருகர் வரம் தருவதுமில்லை, தண்டிப்பதுமில்லை என்கிறோம். பின் எதற்காக வணங்குகிறோம்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை; தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அதட்டி அனுப்பிவிட்டேன். இன்று அவன் குடும்பத் திருமணங்களுக்கெல்லாம் வருகிறான். ஆனால் ஜினாலயத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறான். வகுப்பறையில் வினா எழுப்பிய மாணவரை ஒருநாளும் கடிந்துகொள்ளாத நான், அறத்தைப் பற்றிய வினாவை மட்டும் வாயடைத்தேன். அந்தப் பிழையை நம் குடும்பங்களில் வேறு எவரும் செய்யலாகாது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஆராய்தல் குற்றமா?

குற்றமன்று. நற்காட்சி தோன்றும் வழிகள் இரண்டு என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறுகிறார். பிறர் உபதேசமின்றித் தானே தோன்றுதல் ஒன்று. அது நிசர்க்கம் எனப்படும். உபதேசத்தால் அறிந்து தெளிதல் மற்றொன்று. அது அதிகமம் எனப்படும். ஜைனக் குடியில் பிறத்தல் என்று மூன்றாவது வழி ஒன்றை அவர் கூறவில்லை. பிறப்பினால் நமக்குக் கிடைப்பது கேட்கும் வாய்ப்பு மட்டுமே. தெளிவு நாமே தேடிப் பெற வேண்டியது.

சமந்தபத்திர ஆசாரியரோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். ஆப்தமீமாம்சை என்னும் நூலில் அவர் தீர்த்தங்கரரையே ஆராய்ச்சிக்கு உட்படுத்துகிறார். தேவர்கள் வந்து வணங்குவதும், வானில் செல்வதும், சாமரை வீசப்படுவதும் மாயவித்தைக்காரரிடத்தும் காணப்படலாம். ஆதலால் அவை பற்றி உம்மைப் பெரியோன் என ஏற்கமாட்டேன் என்னும் கருத்தோடு நூலைத் தொடங்குகிறார். குற்றங்கள் நீங்கியவர், அறிவோடும் நூலோடும் முரண்படாத சொல்லை உடையவர் என்று ஆராய்ந்து கண்ட பின்னரே தலைவணங்குகிறார். ஆசாரியர் தம் தலைவரிடமே கேட்ட வினாவை நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்டால் சினம் கொள்ளலாமா? மகாவீரரின் முதற் கணதரரான இந்திரபூதி கௌதமரும் வேதம் வல்ல அந்தணராயிருந்து, வாதிட வந்து, ஐயம் நீங்கி, மாணவரானவர் அல்லரோ!

2. தேடலில் நேரும் ஐந்து பிழைகள்

ஆராயலாம் என்றால் எப்படியும் ஆராயலாம் என்பது பொருளன்று. பொய்க்காட்சியாகிய மித்தியாத்துவத்தைப் பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரை ஐந்தாகப் பகுத்துக் காட்டுகிறது. தேடுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கைப் பலகை.

ஏகாந்தம்: ஒரு பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு, "இதுவே, இவ்வாறே" எனப் பிடிவாதம் கொள்ளுதல்.

விபரீதம்: உள்ளதை மாறாகக் கொள்ளுதல். உயிர்க்கொலையை அறமென எண்ணுதல் இதன்பாற்படும்.

சம்சயம்: இதுவோ அதுவோ என்று ஊசலாடி, ஒருநாளும் ஒன்றில் நிலைகொள்ளாதிருத்தல்.

வைநயிகம்: ஆராயாமலேயே எல்லாத் தேவரும் ஒன்று, எல்லா நெறியும் ஒன்று என வணங்கிவிடுதல்.

அஞ்ஞானம்: நன்மை எது, தீமை எது என்று ஆராயும் முயற்சியே இல்லாதிருத்தல்.

நான்காவதைப் படித்ததும், "அநேகாந்தமும் அதைத்தானே சொல்கிறது?" என்று என் பேத்தி கேட்டாள். நல்ல வினா. குடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண் என்னும் நோக்கில் அது நிலைத்தது. குடம் என்னும் வடிவின் நோக்கில் அது அழிவது. எந்த நோக்கில் எது உண்மை என்று பிரித்துச் சொல்வது அநேகாந்தம். பிரித்துப் பாராமல் எல்லாம் சரி என்பது வைநயிகம். முன்னது உழைப்பு, பின்னது சோம்பல். பிற சமயத்தாரை மதித்தல் நம் கடமை. அதற்காகக் கொல்வதும் கொல்லாமையும் ஒன்றே என்று சொல்லவேண்டுவதில்லை.

ஐந்தாவது பிழை இளையோரைவிட நம் போன்ற பெரியோரிடமே மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்வோமாக.

3. விடைப்பட்டியலைத் தேடும் மாணவன்

"என் மனத்துக்கு ஏற்ற சமயம்" என்னும் தொடரிலேயே ஒரு சிக்கல் உண்டு. கணக்கைப் போட்டுவிட்டு, தன் விடைக்கு ஏற்ற விடைப்பட்டியல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடும் மாணவனை எண்ணிப் பாருங்கள். என்றேனும் ஒரு புத்தகம் அவனுக்கு அகப்படலாம். கணக்கு மட்டும் திருந்தாது. என் விருப்பங்களுக்கெல்லாம் தலையசைக்கும் சமயம் எனக்கு எதனைக் கற்பிக்கும்? ஆகவே, "எனக்கு ஏற்றது எது?" என்பதை, "உண்மை எது? அதன்படி நான் வாழ முடியுமா?" என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

நம் தமிழ்க் காப்பியமாகிய நீலகேசி இதற்குச் சான்று. 1936ஆம் ஆண்டு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சமயதிவாகர வாமன முனிவரின் உரையுடன் இதனைப் பதிப்பித்தார். இடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்த பேய்மகள் நீலி, அவரது அறவுரையால் கொல்லாமையை மேற்கொண்டாள். அதன் பின்னரே பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோரிடம் சென்று அவரவர் கொள்கைகளைக் கேட்டு வாதிட்டாள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தன் கொடுமையை விட்டாள், பின்பு பிறர் கொள்கையை ஆராய்ந்தாள். நாமோ நம் வழக்கம் ஒன்றையும் விடாமலே எல்லாச் சமயங்களையும் எடை போடுகிறோம்.

காட்சி, ஞானம், ஒழுக்கம் மூன்றும் கூடியதே வழி. எனவே சமயத்தைச் சொல்லால் மட்டும் சோதித்தல் பாதிச் சோதனையே. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, தன் துணையோடு அமைதல், பொருளுக்கு எல்லை வகுத்தல் என்னும் அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்றைச் சில திங்கள் கைக்கொண்டு, தன் சினமும் ஆசையும் குறைகின்றனவா என்று காண்பது மறுபாதி.

4. பெரியோர் கடமை

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று ஸ்திதிகரணம், அதாவது தளர்ந்தவரை நிலைநிறுத்துதல். சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிஷேண முனிவர் இதற்கு எடுத்துக்காட்டு. துறவு பூண்ட அவர் தோழர் இல்லாளை நினைந்து தளர்ந்தபோது, வாரிஷேணர் அவரைக் கடியவில்லை. தம் அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த மனைவியரையும் செல்வத்தையும் காட்டினார். தோழர் தாமே நாணித் தெளிந்தார். நிலைநிறுத்துதல் என்பது உடன் நடத்தலேயன்றி அதட்டுதல் அன்று.

மேலும், தேர்வில் வெற்றி வேண்டியும் வழக்கில் வெற்றி வேண்டியும் நேர்ந்துகொண்டு அலைவோமாயின், "நம் சமயத்தில் வரம் கேட்பதில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் தகுதி நமக்கு ஏது? அவர்கள் நம் சொல்லைக் கேட்பதற்கு முன் நம் செயலைப் பார்த்துவிடுகிறார்கள்.

இப்போது, 30 ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லத் தவறிய விடை. சர்வார்த்தசித்தியின் தொடக்கத்தில் உள்ள வணக்கம் அதனைத் தெளிவாக்குகிறது: நாம் வணங்குவது அருகரிடம் ஒன்றைப் பெறுவதற்கன்று, அவரிடமுள்ள குணங்களை நம்மிடம் வளர்த்துக்கொள்வதற்கு. நல்லாசிரியரை நாள்தோறும் காணும் மாணவன், அவர் ஒன்றும் கொடாமலேயே அவரைப் போலாக விழைவது போல என்க.

பேத்தியும் நானும் இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் தத்துவார்த்த சூத்திரம் படித்து வருகிறோம். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. இவ்விதழ் வெளிவந்ததும் ஒரு படியை என் தம்பி மகனுக்கும் அனுப்புவேன். காலந்தாழ்ந்த விடையாயினும், அவன் கேட்ட வினா நன்று என்றாவது அவன் அறியட்டும்.

குடும்பத்தில் கூடிச் சிந்திக்க:

1. ஐந்து பிழைகளுள் நம் இல்லத்தில் மிகுதியாகக் காணப்படுவது எது?
2. அநேகாந்தத்துக்கும் வைநயிகத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த எடுத்துக்காட்டால் விளக்குக.
3. பிள்ளைகள் கேட்டு நாம் விடை சொல்லாமல் விட்ட வினா ஏதேனும் உண்டா? அதற்கு இன்று விடை தேடுக.

அறம் வளர்க!