கையுறை யாருக்கு?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஃபேன்டசி காற்பந்துக் கட்டுரையை வாசித்தேன். ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு இதைத் தமிழில் எழுத ஒரு பையன் கிளம்பியிருக்கிறான் என்பதே எனக்குச் சந்தோஷம். ஒரு வரி மட்டும் இடித்தது. "இளம் கோல்காவலர், நல்ல ஃபார்மில் இருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். நடுத்திடல் ஆட்டக்காரரைப் பற்றி இப்படி எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அவர் முதல் பதினொருவரில் இல்லாவிட்டாலும் கடைசி இருபது நிமிடத்தில் இறங்கி ஒரு கோல் போட்டுவிடுவார். கோல்காவலருக்கு அந்த வழியே கிடையாது. பிரீமியர் லீக் ஃபேன்டசி விளையாட்டில், நாம் எடுத்த கோல்காவலர் 60 நிமிடம் நின்றால் நமக்கு 2 புள்ளி, கோல் விடாமல் காத்தால் இன்னும் 4, மூன்று பந்தைத் தடுத்தால் 1, பெனால்டியைப் பிடித்தால் 5. பெஞ்சில் உட்கார்ந்தால் சுழியம். ஆகவே பையன் கெட்டிக்காரனா என்பதை அப்புறம் பார்க்கலாம். அடுத்த வாரம் கையுறையை மாட்டப்போவது யார் என்பதை முதலில் பார்.

ஜேம்ஸ் டிராஃபர்டை எடுத்துக்கொள். 2023 ஜூலையில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் பெனால்டியைத் தடுத்தவர். பர்ன்லி அவரைச் சுமார் 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. எட்டே மாதத்தில், 2024 மார்ச்சில், இன்னொரு கோல்காவலரான முரிச்சை இறக்கி இவரை உட்கார வைத்தது. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அங்கே 2024-25 பருவத்தில் டிராஃபர்ட் 29 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. 46 ஆட்டத்தில் பர்ன்லி வாங்கிய கோல் மொத்தமே 16. அந்த எண்ணைப் பார்த்து மயங்காதவர் யார்? மான்செஸ்டர் சிட்டி 2.7 கோடி பவுண்டு கொடுத்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

2025 ஆகஸ்டில் முதல் ஆட்டம்: வுல்வ்ஸுக்கு எதிராக 4-0, கோல் விடவில்லை. நம் மாமாக் கடை மேசைகளில் எல்லோரும் அவரை வாங்கியிருப்பார்கள். அடுத்த வாரம் டோட்டன்ஹாம். முதல் பாதி முடியப்போகிறது. டிராஃபர்ட் தன் பெட்டிக்குள்ளிருந்தே நிக்கோ கொன்சாலெஸுக்குப் பந்தைத் தள்ளுகிறார். நிக்கோவின் முதுகில் ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். பந்து பறிபோகிறது, பாலின்யா உள்ளே அடிக்கிறார். 0-2 தோல்வி. பிறகு பிரைட்டனிடம் 1-2. செப்டம்பர் தொடக்கத்தில், ஆள் வாங்கும் காலம் முடியும் தறுவாயில், டொன்னரும்மா வந்து இறங்கினார். அதே ஆண்டு பாரிஸ் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றவர். அந்த அணியே புதுக் கோல்காவலரை வாங்கிவிட்டு இவரை ஓரங்கட்டியது. அடுத்து வந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் நின்றவர் டொன்னரும்மா.

அந்த ஒரு பாஸ்தான் பையனின் இடத்தைக் காவு வாங்கியது என்று நீ எழுதக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டொன்னரும்மாவுக்கு பாரிஸில் இடமில்லை என்பது டோட்டன்ஹாம் ஆட்டத்துக்கு முன்பே ஊரறிந்த விஷயம். ஆள் வாங்கும் காலம் முடியும்வரை எந்த இளம் கோல்காவலரின் இடமும் உறுதியில்லை. டிராஃபர்டின் கால்களைப் பார்த்த கண்ணால் பாரிஸ் செய்தியையும் பார்த்திருந்தால், ஆகஸ்டிலேயே அவரைத் தொடாமல் விட்டிருப்பாய்.

ஒப்பந்தத்தையும் நம்பாதே. ஆரோன் ராம்ஸ்டேல் 2022-23 பருவத்தில் ஆர்சனலுக்கு 38 லீக் ஆட்டமும் ஆடினார்; 2023 மே மாதம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். செப்டம்பரில் எவர்டன் ஆட்டத்துக்கு டேவிட் ராயாவை நிறுத்தினார் பயிற்றுநர் அர்டேட்டா. பெரிய தப்பு எதுவும் நடந்திருக்கவில்லை. அவருக்கு வேறு மாதிரி ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ராயா அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் கோல் விடாமல் தங்கக் கையுறை விருதை வாங்கினார்.

அமெரிக்கக் காற்பந்தின் குவார்ட்டர்பேக் இடமும் இப்படித்தான். அணிக்கு ஒருவர்தான் ஆட முடியும். சான் பிரான்சிஸ்கோ அணி 2021 புதுமுக ஆட்டக்காரர் தேர்வில் டிரே லான்ஸை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுக்க எதிர்காலத் தேர்வுரிமைகளையெல்லாம் அள்ளிக்கொடுத்தது. மறு ஆண்டு 262-ஆவதாக, பட்டியலின் கடைசிப் பெயராக வந்த பிராக் பர்டி அந்த இடத்தைப் பிடித்தார். 2023 ஆகஸ்டில் லான்ஸ் டல்லாஸுக்குப் போய்விட்டார். கொட்டிய விலை கொஞ்ச காலம் பொறுமை வாங்கித் தரும். பக்கத்தில் ஒருவன் ஜெயிக்கத் தொடங்கிவிட்டால் அதுவும் செல்லாது.

நம் நாட்டில் நடந்ததையே பாரேன். 2010 டிசம்பர், தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணம். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 என உதை வாங்கியது. அன்று நின்றவர் ஷார்பினி. அடுத்த தாய்லாந்து ஆட்டத்துக்குப் பயிற்றுநர் கே.ராஜகோபால், 21 வயது கைருல் ஃபாஹ்மியை இறக்கினார், 0-0. அரையிறுதியில் வியட்நாமுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் விடவில்லை. இறுதிச்சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், அங்கே ஃபிர்மான் உதினாவின் பெனால்டியைப் பிடித்ததும் அதே பையன்தான். கிண்ணம் நமக்கு. ராஜகோபாலுக்குக் கையில் இருந்தது சில வாரம். 38 ஆட்டம் உள்ள பருவத்தில் ஒரு பயிற்றுநர் காட்டும் பொறுமையை அந்த மாதிரிப் போட்டியில் எதிர்பார்க்க முடியாது. அதனால் முதல் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பெயரையும் குறித்து வை.

இன்னொன்று, அழகுக்கு விலை வைக்காதே. 2016 பிப்ரவரியில் நம் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராகப் பினாங்கின் ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், காற்றில் திசை மாறி உள்ளே போனதை உலகமே பார்த்தது. ஆண்டின் அழகான கோலுக்கான புஸ்காஸ் விருதும் வந்தது. ஃபேன்டசிக் கணக்கில் அதற்கும், கோல் கோட்டருகே முழங்காலில் பட்டு உருண்டுபோகும் பந்துக்கும் ஒரே புள்ளி. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் நீ எழுதும் துறை அது.

நேரத்தையும் வாசகருக்குத் தெளிவாகச் சொல். அந்தச் சுற்றின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போதே அணி மாற்றக் கதவு அடைபடும். அணிப்பட்டியல் அதற்குப் பிறகுதான் வெளியாகும். இங்கிலாந்தில் வெள்ளி இரவு எட்டு மணிக்கு ஆட்டம் என்றால், கோடையில் நமக்குச் சனி விடியற்காலை 1.30-க்கே கதவு மூடிவிடும். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரம் மாறியபின் 2.30. சனிக்கிழமை மாலை தே தாரிக் குடித்துக்கொண்டே மாற்றலாம் என்றிருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கட்டுரையைத் திருத்தும்போது அந்த வரியை எடுத்துவிடு. நீ பரிந்துரைக்கும் கோல்காவலரை வாங்கியது இப்போதிருக்கும் பயிற்றுநரா, முன்பிருந்தவரா என்று ஒரு வாக்கியம் சேர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பெயர், வயது, அவருக்குக் கொடுத்த விலை மூன்றையும் எழுது. பையன் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டால் "கதை முடிந்தது" என்று மட்டும் எழுதாதே. டொன்னரும்மா வந்தபோது டிராஃபர்டுக்கு 22 வயது. கோல்காவலர்கள் முப்பதைத் தாண்டியும் ஆடுகிறவர்கள்.

அன்புடன்,
அண்ணன்