சுமை வண்டியின் மேற்பூச்சு

“சாயம் வெளுத்துவிட்டது” என்பது தமிழ்மக்கள் வழக்கிற் பயிலும் தொடர்களுள் ஒன்று. ஒருவனது போலித்தோற்றம் நீங்கி உண்மை வெளிப்பட்டவிடத்து இதனை வழங்குவர். சாயத்தொழிலை உயிர்த்தொழிலாகக் கொண்ட திருப்பூரிலோ இஃது உவமை மாத்திரையன்று; நாள்தோறும் அளந்தறியப்படும் செய்தியாம். ஒரு துணியின் சாயம் சலவைக்கு எவ்வளவு தாங்கும் என்பதனை 1 முதல் 5 வரையும், ஒளிக்கு எவ்வளவு தாங்கும் என்பதனை 1 முதல் 8 வரையும் எண்ணிட்டு உரைப்பது ஆய்வுக்கூட வழக்கு. ஆனால், அத்துணியை ஊரெங்கும் சுமந்து திரியும் பிக்கப் வண்டியின் மேனிநிறம் எத்தனை காலம் தாங்கும், ஏன் கெடும், கெட்டால் யாருக்கு இழப்பு என வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாக்களை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

வண்டியும் தொழிலும்

திருப்பூர்ப் பின்னலாடை பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ்த் தொடங்கி அங்கேயே முடிவதன்று. நூல் ஓரிடத்துப் பின்னப்பெற்றுத் துணியாகும். வேறோரிடத்து வெளுக்கப்பெற்றுச் சாயமேறும். பிறிதோரிடத்துக் காம்பாக்டிங் பொறியிற் புகுந்து அளவு நிலைபெறும். அதன்பின் வெட்டுதல், அச்சிடுதல், தைத்தல், சரிபார்த்தல், பெட்டியிடுதல் என்பன நிகழும். இவற்றுட் பல, கூலிக்குச் செய்து கொடுக்கும் தனித்தனிப் பட்டறைகளில் நடைபெறுவன. ஆதலின், ஒரு பனியன் அயல்நாடு செல்லக் கப்பலேறுமுன், அதன் துணி உள்ளூர் வண்டிகளிற் பன்முறை ஏறி இறங்குகின்றது.

அவ்வண்டிகளுள் 2005-ஆம் ஆண்டு வெளிவந்து மக்களாற் ‘குட்டி யானை’ எனப் பெயர்பெற்ற டாட்டா ஏஸ், மகிந்திரா பொலிரோ பிக்கப், 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்டு தோஸ்த் ஆகியவை எங்கும் காணப்படுவன. இவற்றுட் பலவற்றிற்கு ஓட்டுநரே உடைமையாளர். வாங்கியதோ தவணைக் கடனில். கடன் தீர்ந்தபின் வண்டி ஓடும் ஆண்டுகளே அவருக்கு உண்மையான வருவாய் தருவன. அவ்வாண்டுகள் பெருகுவதும் சுருங்குவதும் எஞ்சினை மட்டும் பொறுத்தனவல்ல. தகட்டின் நலத்தையும் பொறுத்தன. தகட்டைக் காப்பதோ அதன்மேற் கிடக்கும் மெல்லிய பூச்சு. ஆகவே, மேற்பூச்சு அழகுப்பொருள் மாத்திரம் என்று எண்ணுதல் பொருந்தாது.

பூச்சின் அடுக்குகள்

கண்ணுக்குத் தோன்றும் நிறம் பூச்சின் கடைசி அடுக்கேயாம். தொழிற்சாலையில் இரும்புத் தகடு முதலில் எண்ணெய்ப்பசை நீங்கக் கழுவப்படும். பின்னர்த் துத்தநாக பாஸ்பேட்டுக் கரைசலிற் படிந்து, நுண்ணிய படிகங்களாலான ஒரு படலத்தைப் பெறும். வழவழப்பான இரும்பில் பற்றாத பூச்சும் இப்படிகங்களுக்கிடையே வேர்விட்டாற்போலப் பற்றிக்கொள்ளும். அடுத்து, வண்டியின் கூடு முழுவதும் எப்பாக்சிப் பூச்சுக் கலந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்டு மின்சாரம் செலுத்தப்படும். கூடு எதிர்மின்வாயாக நிற்க, நேர்மின்னூட்டம் பெற்ற பூச்சுத்துகள்கள் அதனை நாடிப் படியும். தூரிகையும் தெளிப்பானும் எட்டாத மூலைகளிலும், கதவின் உட்புழைகளிலும் இப்பூச்சுச் சென்று சேரும். 1970-களின் பிற்பகுதி தொடங்கி இம்முறை உலகெங்கும் பரவிற்று. பின்னர்க் கூடு சூளையில் ஏறக்குறைய 160 முதல் 180 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடப்படும்.

இவ்வடிப்படையின் கனம் சற்றேறக்குறைய 20 மைக்ரான். இதன்மேல் இடைப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், சில வண்டிகளில் அதற்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் அமையும். அனைத்தும் கூடினும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே வரும். பனியனுக்குப் பயன்படும் 30-ஆம் எண் பருத்திநூலின் குறுக்களவு ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர். அஃதாவது, பல்லாண்டு வெயிலையும் மழையையும் தடுக்கும் இக்காப்பு ஒரு பனியன் நூலினும் மெல்லியது.

வெயில் செய்யும் கேடு

“வெயிலிற் கிடந்து பெயிண்டு போய்விட்டது” என்பது ஓட்டுநர் பலரது கூற்று. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்கள் நிறத்துகள்களைப் பிணைத்து நிற்கும் பசையைச் சிதைக்கும். சிதைந்தவிடத்து வெண்ணிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள்கள் தளர்ந்து வெளிப்படும். பழைய வெள்ளை வண்டியின் கூரையைக் கருந்துணியால் தேய்த்தால் சுண்ணம்போல் ஒட்டிக்கொள்வது இதுவே. சிவப்பு முதலிய நிறங்களிற் சில, சுண்ணமாதலோடு மங்கவும் செய்யும். ஆயினும், வெள்ளைத்துகள் கதிர்களைத் தானே ஏற்று அடியிலுள்ளவற்றைக் காக்கும் இயல்பினது. ஆதலின் கூரையும் பக்கங்களும் பொலிவிழந்தும் துருப்பிடியாமல் நெடுங்காலம் நிற்றலைக் காண்கின்றோம்.

அடிப்பூச்சுக்கே கதிர் சென்று எட்டினால் விளைவு வேறு. இதற்கு, பிக்கப் வண்டிகள் பெருகிய அமெரிக்க நாட்டின் வரலாறு தக்க சான்று. அங்கே 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வெளிவந்த வண்டிகள் பலவற்றின் நிறப்பூச்சு, சில ஆண்டுகளுக்குள் தகடு தகடாக உரிந்து வீழ்ந்தது; வழக்குகளும் எழுந்தன. உரிந்த பூச்சிற் குறையில்லை. இடைப்பூச்சை விடுத்து, மின்முறை அடிப்பூச்சின்மேல் நேரே நிறத்தை ஏற்றியமையே காரணமாயிற்று. நிறப்பூச்சை ஊடுருவிய கதிர், வெயில் தாங்கா எப்பாக்சியின் மேற்பரப்பைப் பொடியாக்கிற்று. பொடியின்மேற் பற்று ஏது? பூச்சின் ஆயுள் கண்ணுக்குத் தோன்றா அடுக்கிலேயே உள்ளது என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்தும்.

உப்புச் செய்யும் கேடு

திருப்பூரிற் கடல் இல்லை, உப்புக்காற்று இல்லை, மழையும் மிகுதியன்று. எனினும் அங்குள்ள வண்டிகளின் சுமைத்தட்டு துருவேறுதல் ஏன்? கடல் தராத உப்பைத் தொழில் தருகின்றது. பருத்தியிற் சாயம் ஏறுதற்கு, நிறத்தின் அழுத்தத்திற்கேற்ப ஒரு லிட்டர் நீருக்கு 40 முதல் 100 கிராம் வரை உப்புச் சேர்ப்பர். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டமையும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு வெளியேறா நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டமையும் பலரும் அறிந்தனவே. அதன்பின், நீரையும் உப்பையும் பிரித்து மீட்கும் முறை நிலைபெற்றது. ஆயினும், உப்புத் தொழிலை விட்டு நீங்கிற்றில்லை. உப்பு மூட்டை, சோடா மூட்டை, வேதிப்பொருட் கேன், உலராத துணி ஆகியவற்றை ஏற்றும் வண்டிகளின் தட்டில் அது சிந்தி ஈரத்தோடு தங்குகின்றது. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி வண்டிகளில் உப்பின் வேலையை எச்சத்தின் ஈரம் செய்கின்றது.

பூச்சு முழுமையாக இருக்கும்வரை உப்பினால் தகட்டிற்குக் கேடில்லை. இரும்பைத் தொடும் ஒரு கீறல் போதும். ஈரமும் காற்றும் சேர்ந்தவிடத்து உப்புநீர் மின்னோட்டத்திற்கு வழிதந்து, துருவேறுதலை விரைவுபடுத்தும். அவ்வினையிற் பிறக்கும் காரம் பூச்சின் அடிப்பற்றைத் தளர்த்தும். துரு, தான் தின்ற இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடம் கொள்ளுதலால் பூச்சைக் கொப்புளமாக உயர்த்திப் பிளக்கும். வெளியே கடுகளவு தோன்றும் புள்ளி, உள்ளே காசளவு பரவியிருத்தல் இதனாலேயாம்.

பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி நோக்கின், கேடு தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தலை அறியலாம். சுமை இழுபடும் தட்டின் தளம், தளமும் பக்கத்தகடும் கூடும் மடிப்பு, பின்கதவின் கீல், சக்கரத்தின்மேற் கல்படும் வளைவு ஆகியன அவை. இவற்றோடு, வண்டி வாங்கியபின் தார்ப்பாய்க் கொக்கிக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இட்ட துளைகளையும் வெல்டிங் தழும்புகளையும் சேர்த்துக்கொள்க. துளையின் விளிம்பு வெற்றிரும்பு; வெல்டிங் சூட்டிலோ தகட்டின் மறுபுறத்துப் பூச்சும் கருகிவிடும். சூளையிற் சுட்ட பூச்சு பரப்பில் தோற்பதில்லை, விளிம்பிலேயே தோற்கின்றது.

துருவும் துணியும்

இக்கேடு வண்டியோடு நிற்குமாயின் உடையவர் ஒருவரது இழப்பாகவே முடியும். அஃதங்ஙனம் முடிவதில்லை. பின்னல் ஆலையிலிருந்து வெளுக்கப் போகும் துணியுருளைகள் தட்டின்மேற் கிடந்து வருவன. தளத்திற் பெயர்ந்த துருத்துகள் அவற்றின் மடிப்பிற் புகுதல் எளிது. வெள்ளைத் துணியிற் படிந்தால் அது செந்நிறக் கறையாகும். வெளுக்கும் தொட்டியிற் புகுந்தாலோ விளைவு கொடிது. ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்புத்துகளைச் சார்ந்தவிடத்து அளவுமீறிச் சிதைந்து, அவ்விடத்துப் பருத்தியையே அரித்துவிடும். துகள் இருந்த இடத்தில் ஊசித்துளை தோன்றும்.

துணியில் துளை விழுதற்கு வேறு காரணங்களும் உள. பின்னல் ஊசியின் குறையாலும் விழும். ஆதலின், துளை கண்டவுடன் சாயப்பட்டறையார் பின்னல் ஆலையைச் சுட்டுவர். பின்னல் ஆலையார் சாயப்பட்டறையைச் சுட்டுவர். இடையே சென்ற வண்டியை ஐயுறுவார் அரியர். ஐயுற்றவழியோ கூலியிற் பிடித்தம் ஓட்டுநர்மேல் விழும். ஒரு நாட் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அப்பிடித்தம் சிறிதன்று.

மறுபூச்சின் இயல்பு

இந்நாளைய விதிப்படி, சரக்கு வண்டிக்கு எட்டாண்டு நிரம்பும்வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச்சான்று பெறவேண்டும். ‘எப்.சி.’ என வழங்கும் அந்நாள் நெருங்கும்போது வண்டிக்குப் புதுநிறம் தீட்டுதல் நம் நாட்டு வழக்கம். நிறம் புதிதாதல் நன்றே. ஆனால், அடியிலுள்ள துருவை முற்றும் சுரண்டாது, பட்டி தடவி மேலே நிறமடிப்பின், அப்பூச்சு துருவைக் காக்குமேயன்றித் தகட்டைக் காவாது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு உள்ளேயே வளரும். சில திங்களில் கொப்புளம் மீளும்.

பட்டறைப் பணியாளரின் திறமைக்குறைவே இதற்குக் காரணம் என்றல் அறமன்று. டயரும் கம்பியும் பிளாஸ்டிக்கும் பூட்டிய வண்டியைச் சூளையிற் சுட இயலாது. தொட்டியில் அமிழ்த்தவும் இயலாது. ஆதலின், இருகலவைப் பாலியூரித்தேன் பூச்சைத் தெளித்து, சூளைவெப்பமின்றி இறுகச் செய்வர். அதிற் கலக்கும் ஐசோசயனேட்டு மூச்சுக்குழலுக்குப் பகை. ஈளைநோயை உண்டாக்க வல்லது. வாயிற் கைக்குட்டை கட்டுதல் அதற்குக் காப்பாகாது. உரிய மூச்சுக்கவசம் வேண்டும். துருவை வெள்ளிரும்பு தோன்றச் சுரண்டி, எப்பாக்சி அடிப்பூச்சிட்டு, அதன்மேல் நிறம் ஏற்றினால் மறுபூச்சும் நெடிது நிற்கும். ஆனால், செலவும் நாளும் கூடுதலின் அதனைக் கேட்பார் குறைவு.

பழைய வண்டி வாங்குவோர்க்கு ஓர் எளிய தேர்வு உண்டு. சிறு காந்தக்கல்லைத் துணியிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துக. பற்றவேண்டிய இடத்திற் பற்றாதாயின், அங்கே தடித்த பட்டி உண்டென அறிக. வெளுத்ததெல்லாம் பாலன்று என்னும் பழமொழி, புதுவெள்ளை அடித்த வண்டிக்கும் பொருந்தும்.

காக்கும் வழி

மேற்கூறியவற்றாற் காக்கும் வழி தானே விளங்கும். உப்போ சோடாவோ ஏற்றி இறக்கிய அன்றே தட்டை நன்னீரால் மடிப்புவரை கழுவுக. நீர் வடியும் துளைகள் அடைபட விடற்க. தளத்தின்மேல் ரப்பர் விரிப்பு இடுக. ஆயின், அதன்கீழ் ஈரம் தேங்காதபடி அடிக்கடி எடுத்து உலர்த்துக. புதிதாக இடும் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் அன்றே அடிப்பூச்சும் நிறமும் தொட்டு வைக்க. இரும்பு தெரியும் கீறலை மழைக்காலத்திற்கு முன்னரே சுரண்டிப் பூசுக. பளபளப்பிற்காக டீசல் துணியால் துடைப்பது தூசியை ஈர்த்துச் சேர்க்குமேயன்றிப் பூச்சுக்கு வலி தராது. துணியுருளை ஏற்றுங்கால், தளத்தைப் பெருக்கித் தூய படுதா விரித்தல் வண்டிக்கும் துணிக்கும் ஒருங்கே நலமாம்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா, நாட்டமே வேண்டும். பரப்பின் ஒளியைப் பேணுவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கை விளிம்பிற்கும் மடிப்பிற்கும் அளிப்போமாயின், தொழிற்சாலை தந்த பூச்சுத் தன் கடமையை நெடுநாள் ஆற்றும். துணியின் சாயத்திற்கு எண்ணிட்டு மதிப்பிடும் ஊர், அத்துணி கிடந்து வரும் தட்டையும் ஒருமுறை குனிந்து நோக்குமாக. அந்நோக்கால், ஓட்டுநரின் கூலியிற் பிடித்தம் ஒன்று குறையும். உழைக்கும் வண்டியின் ஆயுளும் சில ஆண்டு நீளும்.