ஏற்காட்டுக்கு எத்தனை எழுத்து?

புது வெர்ஷன் என்றதும் "இருக்கிறது நல்லாத்தானே ஓடுது, ஏன் தொடணும்?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். நியாயமான கேள்விதான். பைத்தான் மொழியையும் நம்ம ஊர்ப் பெயரையும் வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

'ஏற்காடு' என்பதில் ஏ, ற், கா, டு என நான்கு எழுத்து. பைத்தான் 2-இல் இதைச் சாதாரண மேற்கோள் குறிக்குள் போட்டு நீளம் கேட்டால் 21 என்கும். அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூடிஎஃப்-8 பைட்டுகளை. (மேற்கோளுக்கு முன்னால் 'யூ' போட்டால் தப்பிக்கலாம். யார் ஞாபகமாகப் போடுவது?) பைத்தான் 3-இல் விடை 7. யூனிகோடில் புள்ளி, துணைக்கால், உகரக் குறி எல்லாம் தனித்தனிக் கணக்கு. நான்கு என்ற சரியான விடை வேண்டுமென்றால் 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகத்தைச் சேர்க்க வேண்டும்.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? காபித் தோட்டக் கூலிச் சீட்டை எங்கள் வீட்டில் படித்துச் சொல்வது நான்தான். அப்படி ஒரு சீட்டில் ஊருக்குப் பத்து இடம் ஒதுக்கி 'செம்மநத்தம்' என்று அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தான் 2 பத்தாவது பைட்டில் வெட்டும். 'செம' என்று வந்து பக்கத்தில் ஒரு குப்பைக் குறி விழும். பைத்தான் 3 கடைசிப் புள்ளியை மட்டும் விழுங்கி 'செம்மநத்தம' ஆக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, கண்ணுக்குச் சட்டென்று படாது.

பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பழையதோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தேதான் மாற்றினார்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. சீனியர்கள் விட்டுப்போன பழைய புரோகிராமைப் புதியதில் ஓட்டினால், அடைப்புக்குறி இல்லாத 'பிரிண்ட்' உடனே கத்தி நின்றுவிடும். அது நல்லது. வகுத்தல் கத்தாது! 5 கிலோ மிளகை இருவருக்குப் பிரித்தால் பழையது 2 என்கும், புதியது 2.5 என்கும். அந்த அரைக் கிலோவை நம்பி எழுதிய கணக்கெல்லாம் சத்தமில்லாமல் மாறும்.

லினக்ஸில் சிஸ்டத்தோடு வந்த பைத்தானை மட்டும் நீக்காதீர்கள். அதன் சொந்தக் கருவிகளே அதை நம்பியிருக்கின்றன. 2012-இல் வந்த 3.3 முதல் 'வென்வ்' கூடவே இருக்கிறது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் அதில் தனி அறை போட்டு, எந்த நூலகம், எந்த எண் என்ற பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். வெர்ஷன் மாற்றும்முன் நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று நாலு ஊர்ப் பெயரையும், மீதி வரும் ஒரு வகுத்தலையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.