இரண்டு நாற்காலி, ஒரே சம்பளம்: நூலகவியலில் கல்விப் பணி

திருத்தணிக்காரர்களுக்கு ராதாகிருஷ்ணன் என்றால் செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். 1888-இல் இந்த ஊரில் பிறந்து குடியரசுத் தலைவரானவர் என்பதோடு பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகள் முடிந்துவிடும். நூலகத் துறைக்காரர்கள் அவரை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1945-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனை அவர்தான் காசிக்கு அழைத்தார். நூலகர் பதவி, நூலகவியல் பேராசிரியர் பதவி இரண்டும் அவர் ஒருவருக்கே.

இன்றும் இந்தத் துறையில் கல்விப் பணி என்றால் அதே இரண்டு நாற்காலிகள்தாம். ஒன்று, கல்லூரி நூலகர் அல்லது பல்கலைக்கழக உதவி நூலகர். மற்றது, நூலக மற்றும் தகவல் அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியர். யுஜிசியின் 2018 விதிமுறைகளைப் பார்த்தால் நுழைவுத் தகுதி ஏறக்குறைய ஒன்றேதான்: முதுநிலைப் படிப்பில் 55 விழுக்காடு, கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி. தொடக்க ஊதியமும் ஒன்றே: பத்தாம் நிலை, அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய்.

வித்தியாசம் காலியிடங்களில் இருக்கிறது. நூலகவியலுக்குத் தனித்துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் சிலதான்; அங்கே ஓர் இடம் காலியாவதே அபூர்வம். நூலகம் இல்லாத கல்லூரியோ கிடையாது. ஆகவே பேராசிரியர் விளம்பரம் வரும்வரை வீட்டில் காத்திருப்பது வீண். நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிஎச்.டி. முடிப்பதுதான் என் கணக்கில் சரியான வழி. விதிமுறையும் இதற்கு ஒத்துவருகிறது. பல்கலைக்கழக நூலகர் என்ற உச்சப் பதவிக்குப் பிஎச்.டி.யோடு பத்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்தப் பத்தாண்டைப் பல்கலைக்கழக நூலகத்தில் கழித்திருக்கலாம், கல்லூரி நூலகராக இருந்திருக்கலாம், நூலகவியல் ஆசிரியராகவும் இருந்திருக்கலாம். கீழே பிரிந்துபோன பாதைகள் மேலே போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

படிப்பு எளிது. எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் ஓராண்டில் பி.எல்.ஐ.எஸ்., அடுத்த ஆண்டில் எம்.எல்.ஐ.எஸ். சில இடங்களில் இரண்டையும் சேர்த்து ஈராண்டுப் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். திருத்தணியில் ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ கணிதமோ முடித்தவர் அப்படியே இதற்குள் வரலாம். கணிதம் படித்தவர்கள் தயங்கவே வேண்டாம். ரங்கநாதனே மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்த சில நாளிலேயே, வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, வகுப்பறைக்கே திரும்புகிறேன் என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். விருப்பமில்லாமல் இந்தத் துறைக்குள் வந்துவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்க மாட்டார்.

எங்கே படிப்பது? ரயில்பாதையில் உட்கார்ந்திருக்கும் ஊர் திருத்தணி. கிழக்கே போனால் சென்னை, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துறை. ரங்கநாதன் தொடங்கிவைத்த பயிற்சிதான் 1931-இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறியது. அந்த வேர் இங்கே இருக்கிறது. வடக்கே ரேணிகுண்டா வழியாகப் போனால் திருப்பதி, அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. தூரத்தைப் பார்த்தால் திருப்பதிதான் பக்கம். ஆனால் ஆந்திரப் பல்கலைக்கழகங்களில் 85 விழுக்காடு இடங்கள் அந்த வட்டாரத்து மாணவர்களுக்கே. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நீங்கள், வீட்டில் தெலுங்கு பேசினாலும், மீதி 15 விழுக்காட்டுக்குத்தான் போட்டியிட முடியும். வெளியூர் போகத் தயார் என்றால் திருச்சியில் பாரதிதாசன், காரைக்குடியில் அழகப்பா. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ. தொலைநிலைப் பட்டம் செல்லும். பகுப்பும் பட்டியலாக்கமும் கைப்பழக்கத்தில் வரும் வேலைகள் என்பதால், அப்படிப் படிப்பவர்கள் ஒரு நூலகத்தில் சில மாதமாவது உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லை ஊர்க்காரர்கள் தேர்வு விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். 2002 ஜூனுக்குப் பிறகு நடந்த செட் தேர்வுகள் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டு செட் முடித்துவிட்டு நகரியிலோ சித்தூரிலோ உள்ள கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டுமானால் நெட் எழுதுங்கள். பாட எண் 59. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது, ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி. செலவு பற்றிய கவலை அதோடு தீரும்.

இன்னொரு பக்கம் நூலகப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு. அங்கே தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். தெலுங்கு வழிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் திருத்தணிப் பக்கம் உண்டு. பாடத்தில் புலியாக இருந்தாலும் தமிழ்த் தாளில் சறுக்கினால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அவர்கள் முதலில் ஒத்திகை பார்க்க வேண்டியது அந்தத் தாளுக்குத்தான்.

இனி ஆய்வுத் தலைப்பு. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். சோத்கங்கா தளத்துக்குப் போய் நூலகவியல் ஆய்வேடுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஏதோ ஒரு மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்கள் பற்றிய விழிப்புணர்வும் பயன்பாடும். மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கேள்வித்தாள் கொடுத்து, விழுக்காடு போட்டு, பயிற்சி தேவை என்று முடித்துவிடலாம். பட்டமும் கிடைக்கும். நேர்காணலில் உங்களைப் பத்தோடு பதினொன்றாக உட்கார வைப்பதும் அதே ஆய்வேடுதான்.

திருத்தணியில் இருப்பவருக்குத் தலைப்புப் பஞ்சமே கிடையாது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்த மலையில் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவருடைய கீர்த்தனைகளைச் சுர தாளக் குறிப்போடு தொகுத்த பெருநூல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. இந்தப் புத்தகத்தை மேசையில் வைத்து ஒரு பட்டியல் பதிவு எழுதிப் பாருங்கள். அச்சான இடம் தமிழ்நாட்டின் தென்கோடி. எழுத்து தெலுங்கு. உள்ளே தீட்சிதரின் சாகித்தியமோ சமஸ்கிருதம். ஆசிரியர் பெயர் தெலுங்கில் தீட்சிதுலு என்று முடியும், தமிழில் தீட்சிதர், வடமொழி வழக்கில் தீக்ஷிதர். மார்க் 21 வடிவத்தில் 041-ஆம் புலத்தில் மொழிக் குறியீடுகள், 546-இல் மொழியும் எழுத்தும் பற்றிய குறிப்பு, 880-இல் மூல எழுத்திலேயே தலைப்பு என்று ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். பிறகு சென்னை மியூசிக் அகாடமி இதே நூலைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பையும் மூலத்தையும் இணைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் தட்டிவிட்டுப் போனால், தமிழில் தேடுகிறவருக்கும் கிடைக்காது, தெலுங்கில் தேடுகிறவருக்கும் கிடைக்காது. இரு மொழி வாசகர்களுக்கான பெயர்க் கோப்பு எப்படி அமைய வேண்டும் என்பது ஒரு முழு பிஎச்.டி.க்குப் போதுமான கேள்வி. தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த எல்லை ஊர்ப் பிள்ளையைவிட இதைச் செய்யத் தகுதியானவர் யார்?

ஆவணங்களின் கதை இன்னும் சுவையானது. இந்த வட்டாரம் ஒரு காலத்தில் கார்வெட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானதும் அதற்குள் போனது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு அந்தப் பக்கம். ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் முடிவும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிறகு திருவள்ளூர் மாவட்டம். ஊர் நகரவேயில்லை, காகிதங்கள் மட்டும் அலுவலகம் அலுவலகமாக மாறிக்கொண்டே இருந்தன. தாத்தா காலத்து நிலப் பத்திரத்தின் மூலத்தைத் தேடும் ஒரு குடும்பம் எங்கே தொடங்க வேண்டும்? எந்த ஆண்டுத் தாள் எந்த அலுவலகத்தில், எந்த மாநில ஆவணக் காப்பகத்தில், எந்த மொழியில் இருக்கிறது? இதற்கு ஒரு வழிகாட்டிப் பட்டியல் தயாரித்தால் அது ஆய்வேடாகவும் இருக்கும், ஊருக்கும் பயன்படும். இலங்கையில் 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிக்கப்பட்ட பிறகு ஆவணம் காப்பதன் அவசரத்தைத் தமிழர்கள் உணர்ந்தார்கள். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தின் வேலைமுறையை இந்தத் தலைப்பில் இறங்குகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையை எங்கே வெளியிடுவது என்பதிலும் ஏமாறாதீர்கள். தரமான இதழ்களுக்கு யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது. இனி இதழின் தரத்தை நீங்களே எடைபோட வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேறும் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ரங்கநாதன் 1954-இல் தொடங்கிய அன்னல்ஸ் இதழ் இன்றும் வருகிறது. டி.ஆர்.டி.ஓ.வின் டெசிடாக் இதழும் அப்படியே. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்; கடைசி நான்கைந்து இதழ்களைப் படித்தாலே எழுதும் முறை பிடிபட்டுவிடும்.

முதல் வேலை பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரியில்தான். 57,700 அங்கே கிடைக்காது. அதில் எவ்வளவு தருகிறார்கள் என்பது நிர்வாகத்தின் மனசு. சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: நியமன ஆணையில் கல்லூரி நூலகர் என்ற பதவிப்பெயர் இருக்குமா, சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, பிஎச்.டி. பதிவுக்கு மறுப்பின்மைச் சான்று தருவார்களா. பத்தாண்டு அனுபவம் என்று பின்னால் காட்டப்போவது இந்தக் காகிதங்களைத்தான். அலுவலக உதவியாளர் என்று ஆணை கொடுத்துவிட்டு நூலகத்தில் உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது வேண்டாம்.

உட்கார்ந்த பிறகு வேலை பலவகை. அக்சஷன் ரிஜிஸ்டர், புத்தக இருப்புச் சரிபார்ப்பு, கடைசி செமஸ்டரில் நோ-டியூ கையெழுத்துக்கு வரிசை. நாக் தர மதிப்பீடு வரப்போகிறது என்றால் ஐந்தாண்டு வரவுப் பதிவும் உங்கள் மேசைக்கு வரும். இதற்கு நடுவில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை ஒரு கணினியில் நீங்களே நிறுவிப் பழகிக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் பிறந்த இலவச மென்பொருள் அது. நிறுவத் தெரிந்தவருக்கு மதிப்பே தனி. ஆய்வேடுகளின் ஒப்புமைச் சோதனையும் நூலகர் கையில்தான். 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆராய்ச்சி மாணவர் உங்களைத் தேடி வருவார். அரசு நிறுவனங்களில் 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் வருகின்றன. வருவது பலருக்குத் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு மதிய வேளையில் அதைத் திறந்து காட்டும் நூலகரை அவர்கள் அப்புறம் மறக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் நூலகர் வேலைக்குப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற அந்நாட்டு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். இங்குள்ள பட்டத்தோடு நேராக வேலைக்குப் போவதைவிட ஆராய்ச்சி மாணவராகப் போவது சுலபம். தமிழ், தெலுங்கு என இரு மொழிப் பட்டியலாக்கம் தெரிந்தவர்களைத் தென்னாசியத் தொகுப்பு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மதிக்கும்.

நேர்காணலில் ஐந்து விதிகளைக் கேட்பார்கள். எல்லோரும் ஒப்பிப்பார்கள். நீங்கள் செய்த பத்திருபது பட்டியல் பதிவுகளை, மூல நூலின் தலைப்புப் பக்க நகலோடு, ஒரு கோப்பாக எடுத்துப் போங்கள். அதில் குறைந்தது இரண்டு தெலுங்கு எழுத்தில் இருக்கட்டும். கைபேசியில் காட்டலாம் என்று இருந்துவிட வேண்டாம். குழுவில் எத்தனை பேரோ அத்தனை படி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.