கேலிக்கு நடுவே வாழப்போகும் பிள்ளைகளுக்கு

வாலிபர் ஐக்கியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு மீம் வந்தாலே வாட்ஸ்அப் குரூப் கொதிக்கிற காலம் இது. உங்களிடம் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

1. கேலி நமக்குப் புதிதல்ல. ரோமாபுரியின் பாலடைன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. சுமார் 1,800 வருஷப் பழசு. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம்; பக்கத்தில் கையை உயர்த்தியபடி ஒருவன். அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று கிரேக்கத்தில் கோணல்மாணலாகக் கீறியிருக்கிறது. சிலுவைக் காட்சியாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களில் இந்தக் கேலிப்படமும் ஒன்று. அதே கட்டடத்தின் இன்னொரு அறையில், அலெக்ஸாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்றும் எழுதியிருக்கிறது. எழுதியது அவனேதான் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

2. கோபம் வந்தால், இதில் அடிபட்டது யார் என்று முதலில் பாருங்கள். முள்முடியும் சிவப்பு அங்கியும் கேலிக்காகவே மாட்டப்பட்டவை. ஆண்டவர் அதைத் தாங்கினார். அவர் மானத்தைக் காக்க நாம் மறியல் செய்யவேண்டியதில்லை. 2006-இல் தமிழக அரசு, கிறிஸ்தவர்களைப் புண்படுத்துகிறது என்று சொல்லப்பட்ட 'டா வின்சி கோட்' படத்தைத் தடைசெய்தபோது நம்மவர் பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சினிமாவுக்கே ஆட்டம்காணும் சபை என்று நாமே ஊருக்குச் சொன்னதுபோல் ஆயிற்று.

பள்ளியில் ஒரு தலித் கிறிஸ்தவப் பிள்ளையை 'அரிசி மூட்டை' என்று, அதாவது அரிசிக்காக மதம் மாறியவர் என்று ஏளனமாகக் கூப்பிட்டால், அது வேறு விஷயம். உடனே அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தலைமையாசிரியரைப் பாருங்கள், தேவைப்பட்டால் புகார் எழுதிக் கொடுங்கள். அங்கே வாய்மூடி இருந்துவிட்டு அதற்குப் பொறுமை என்று பேர் வைக்காதீர்கள்.

3. அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்யாதீர்கள். எபேசுவில் பவுலின் தோழர்கள்மேல் ஊரே பாய்ந்தபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்களல்ல என்று அந்தப் பட்டணத்து அதிகாரியே சாட்சி சொன்னார். நம் தெருவில் நமக்காக அப்படிச் சொல்ல ஒரு இந்து அண்ணாச்சி முன்வருவாரா? எலியா பாகாலைக் கேலி செய்தாரே என்பீர்கள். அவர் 450 பேருக்கு எதிரே தனியாளாக, உயிரைப் பணயம் வைத்து நின்றவர். நம்மவர்கள் நடுவே பத்திரமாக மைக் பிடித்துக்கொண்டு அவரை உதாரணம் காட்டக்கூடாது.

4. பெந்தெகொஸ்தே சபையாரின் அந்நியபாஷை, கத்தோலிக்கரின் ஜெபமாலை, இரண்டும் உங்கள் நாடகத்துக்குச் சரக்கல்ல.

5. சிரிக்கப் பயப்படாதீர்கள். கண்ணில் உத்திரம், ஊசியின் காதில் ஒட்டகம் என்று ஆண்டவர் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். கேரல் ரவுண்ட்ஸில் போதகரைப்போல் பேசிக்காட்டுகிறீர்களா? அவர் முன்னாலேயே செய்யுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் செய்யக்கூடிய கேலியை விட்டுவிடுங்கள்.

6. புண்படுத்தியவன் வந்து வருத்தம் சொன்னால், அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துத் தோண்டி எடுக்காதீர்கள். வருத்தமே சொல்லாதவன் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம் வழக்கம்போலப் போகட்டும். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.